காணி உறுதி எங்கே?

(மலையக மக்களின் வீட்டுரிமை பற்றிப் பல்லேகலயில் ஆற்றிய உரை)



மத்திய மாகாண சபை வீற்றிருக்கும் பல்லேகலயில் நாம் கூடியிருக்கிறோம். ஒரு காலத்தில் கொக்கோ விளைந்த மண் இது. இன்று தொழிற்சாலைகள் உண்டு; உலக நாடுகள் ஆடும் கிரிக்கெட் அரங்கம் உண்டு. இங்கிருந்து மலையேறிப் பாருங்கள்: பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவும் உண்டு!

வீட்டுதவி கேட்டுச் சென்ற தோட்டத் தொழிலாளியிடம், "அது தோட்டம், எங்கள் பொறுப்பன்று" என்று உள்ளூராட்சி மன்றங்கள் காலமெல்லாம் கைவிரித்தன. அது அதிகாரியின் ஆணவம் மட்டுமன்று. சட்டமே அவருக்கு அரணாக நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதி தோட்டக் குடியிருப்புக்குச் செல்லும் வழியை அடைத்தது. சபைக்கு வாக்களிக்கலாம், சபையிடம் ஒரு கிணறு கேட்கலாகாது! இஃது எந்த ஊர் நியாயம்? 31 ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

திருத்தம் வந்தது; திண்ணை வந்ததா? பாதையும் கிணறும் சபை தரலாம். வீடு கட்டக் காணி வேண்டுமே!

கணக்கொன்று சொல்கிறேன். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி, முன்னர் ஒப்பிய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டவே 2024 பெப்ரவரி ஆயிற்று. அதற்குள் விலைவாசி ஏறி, வீடொன்றுக்கு 28 இலட்சம் ரூபா என்று மதிப்பிட்டார்கள். 2024இல் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு வேளையும் உண்ணாமல், ஒரு சதமும் செலவிடாமல் சேர்த்தாலும் ஏறக்குறைய ஏழாண்டு ஆகும். வங்கியில் கடன் வாங்கலாமே என்பார் சிலர். ஈடு வைக்க அவனிடம் என்ன இருக்கிறது? தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த லயத்தின் ஒரு செங்கல்லும் அவன் பெயரில் இல்லை!

இங்கே வந்திருக்கும் உழவர் பெருமக்கள் இதை நன்கறிவர். அரசின் அனுமதிப் பத்திரத்தில் பயிரிட்டோருக்கு முழு உறுதி வழங்க 2024இல் 'உறுமய' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் லயத்துக்காரனிடம் அந்த அனுமதிப் பத்திரமும் இல்லையே!

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தது. கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து மனிதரை விழுங்கின. முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா என்று அரசு அறிவித்தது, நல்ல அறிவிப்பு. இடிந்த வீடு யாருடையது என்று அலுவலர் கேட்டால், லயத்தில் வாழ்ந்தவள் எதை எடுத்துக் காட்டுவாள்? அவள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது, காணிப் பதிவேட்டில் இல்லை.

"தோட்டம் கம்பெனியுடையது, நாங்கள் என்ன செய்வோம்?" என்று அரசு தரப்பில் சொல்வதுண்டு. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகமே கம்பெனிகளுக்குப் போயிற்று; நிலம் போகவில்லை. அன்றியும் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பல தோட்டங்கள், ஜனவசம என்று நீங்கள் அழைக்கும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமுமே தங்கின. அரசின் நிலத்தை அரசே அளந்து கொடுக்க யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?

சிங்கப்பூரைப் பாருங்கள். 1960இல் வீடமைப்புக் கழகம் கண்டார்கள். 1964 முதல் குடியிருப்போரையே உரிமையாளராக்கும் திட்டம் நடத்தினார்கள். அங்கே கூலியாகப் போன தமிழரின் பிள்ளைகளும் இன்று சொந்த வீட்டுச் சாவி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வெறும் கூரைத் தகடுக்காகக் கையேந்தாதீர்கள். 10 பேர்ச்சஸ் காணி, அதற்கு உறுதி, உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும்: இதைக் கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் எத்தனை லயம், எத்தனை குடும்பம், எந்தச் சரிவு வெடித்திருக்கிறது என்று எழுதிப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க மறவாதீர்கள். மனு எழுத வழி தெரியாதோருக்கு, இம்மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். அடுத்த ஞாயிறே தொடங்கலாம்.