கைலியை இன்னொருவர் கட்டிவிடும் நாளில்

(வானொலி மறையுரை)



யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் வாசித்தால் விளக்கம் அதிகம் வேண்டாம். இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடிந்தபின் 153 பெரிய மீன்கள். கரையில் கரி நெருப்பு, மீன், அப்பம். ஆண்டவர் என்று தெரிந்ததும் பேதுரு மேலாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிடுகிறார். படகு கரைசேரும் வரைகூடப் பொறுக்காத மனிதர்.

அந்தப் பேதுருவிடம், சாப்பாடு முடிந்தபின், ஆண்டவர் முதுமையைப் பற்றிப் பேசுகிறார். இளமையில் தானே உடுத்திக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போனவர், வயதானபின் கைகளை நீட்டுவார். இன்னொருவர் அவருக்குக் கட்டிவிட்டு, அவர் விரும்பாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்கிறார். பேதுருவின் மறைசாட்சிச் சாவைக் குறித்தே இது சொல்லப்பட்டது என்று நற்செய்தியாளரே எழுதியிருக்கிறார். ஆனாலும் நம் வீடுகளில் கட்டிலோடு கிடக்கும் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது!

நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். கஜா புயலையும் பார்த்தவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தபின், கைலியைக்கூட மகனோ மருமகளோ கட்டிவிட வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சம் வலியைவிடப் பெரியது. இப்படிப்பட்டவர்கள் பலர் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் தெரியுமா? குடித்தால் இரவில் மருமகளை எழுப்ப வேண்டும். "தாகமில்லை" என்று சொல்லிவிடுவார்கள், நாமும் நம்பிவிடுவோம். நாக்கு வறண்டு, சிறுநீரில் தொற்று வந்து, பேச்சு குழம்பியபின்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று அவர் எடுத்த முடிவு அது. எங்கே கற்றுக்கொண்டார் அதை? நாம் முகம் சுளித்த ஏதோ ஒரு இரவில் கற்றிருக்கலாம்.

முதுமையைப் பற்றிச் சொன்ன கையோடு, தம்மைப் பின்தொடரும்படி பேதுருவிடம் ஆண்டவர் சொல்கிறார். இதை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். வலை இழுத்த கை மட்டும் அல்ல, உதவிக்காக நீட்டிய கையும் ஆண்டவரைப் பின்தொடரும் கைதான். கவனிப்பவரைப் புகழ்ந்து எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். கவனிப்பை ஏற்றுக்கொள்வது அதைவிடக் கடினமான வேலை என்று யாரும் சொல்வதில்லை.

பிரான்சு நாட்டில் கன்கால் என்ற கடற்கரை ஊரில் 1792இல் பிறந்தவர் புனித ழான் ழுகான். மீனவர் மகள். சின்ன வயதிலேயே அப்பா கடலில் போய்த் திரும்பவில்லை. 1839இல், பார்வையில்லாத, பாதி உடல் செயலிழந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணில் படுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் தொடங்கியது. சென்னையிலும் அவர்கள் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். ஆனால் நம்மைத் தொடுவது அவருடைய கடைசிக் காலம். தலைமைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கப்பட்டு, தொடங்கியவர் அவர்தான் என்றுகூட இளம் சகோதரிகளுக்குத் தெரியாமல், பார்வை மங்கி, மற்றவர் கையைப் பிடித்து வாழ்ந்து 1879இல் இறந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கட்டிலைக் கொடுத்த நாட்களை மட்டுமல்ல, கையைப் பிடித்து நடந்த நாட்களையும் சேர்த்துத்தான்.

கவனிப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும். இரவிலும்தான். ஒரு ஆள் எத்தனை மாதம் செய்ய முடியும்? மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் வீட்டில் இருக்கும் ஆண்கள், அந்த நாட்களிலாவது அப்பாவைக் குளிப்பாட்டலாமே! "அது பொம்பளை வேலை" என்பவர்களுக்கு, பாதம் கழுவிய ஆண்டவரை நினைவுபடுத்துகிறோம். 2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறைப் பயிற்சியும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். அன்பியத்தில் இருப்பவர்கள் வாரம் ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்தப் பெண் கொஞ்ச நேரம் தூங்குவாள்.

இன்னொன்று. சாமியாரைக் கூப்பிட்டால் பெரியவர் பயந்துவிடுவார் என்று மூச்சு இழுக்கும் வரை காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. நோயில்பூசுதல் சாகும் நேரத்துக்கு மட்டும் உரியதல்ல என்று சங்கம் தெளிவாக்கி, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்கையே புதுப்பித்தார். தள்ளாமையால் மிகவும் தளர்ந்தவர்கள், பெரிய நோய் இல்லாவிட்டாலும் பெறலாம். நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம். நினைவிருக்கும்போதே, அவர் வாயால் "ஆமென்" சொல்லும்போதே கூப்பிடுவோம்.

இன்றிரவு வானொலியை அணைத்தபின் ஒரு நிமிடம் எழுந்து போவோம். அவர் தலைமாட்டுச் செம்பில் தண்ணீர் இருக்கிறதா, அது எந்தக் கை விழாமல் இருக்கிறதோ அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தாலும், "குடிங்கப்பா, ராத்திரி நான் எந்திரிச்சுக்கிறேன்" என்று நாமே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம்.