தொண்டரும் சட்டமும்

ஊதியம் கருதாது பணிபுரிபவரைத் தொண்டர் என்று போற்றுகிறோம். ஆயின், அவருக்கு நாம் ஆற்றவேண்டிய கடமை என்ன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஊர்க்காவல் படையை எடுத்துக்கொள்வோம். கலகங்களை அடக்கப் போலீசாருக்குத் துணைபுரியும் பொருட்டு, 1946 டிசம்பரில் பம்பாயில் அது தோன்றியது. அதில் சேர்பவர் தொண்டரே. நிரந்தர ஊழியர் அல்லர். எனினும் கடமைக்கு அழைக்கப்படும்போது போலீசாருக்குரிய அதிகாரமும் சட்டப் பாதுகாப்பும் அவருக்கு உண்டு. பொறுப்பு ஒத்திருக்க, படி மட்டும் சொற்பமாயிருப்பது முறையாகுமா? 2015-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை பகர்ந்தது. அவர்களைப் பணி நிரந்தரம் செய்ய ஆணையிட இயலாது என்றது. ஆனால், 30 நாள் படியின் கூட்டுத்தொகை போலீசாரின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்கு ஈடாதல் வேண்டும் என்றும் கூறிற்று.

அங்கன்வாடி ஊழியர் பெறுவது மதிப்பூதியமே, சம்பளமன்று என்றும் வாதிடப்பட்டதுண்டு. 2022-இல் அவ்வாதத்தை ஏற்காத அந்நீதிமன்றம், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குப் பணிக்கொடை உரியதே என்றது.

ஆகவே, பெயரைக் காட்டிலும் பணியின் தன்மையே உரிமையைத் தீர்மானிக்கிறது. தொண்டரை விரும்பி அழைக்கும் நாம், அவருடைய பணிநேரம், படி, விபத்துக் காப்பீடு ஆகியவற்றை முன்னதாகவே எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். அதுவே தொண்டுக்கு நாம் செய்யும் மரியாதை.