தைரொயிட்டுச் சுரப்பியும் தேக நிறையும்



"எனக்குத் தைரொயிட்" என்னும் பேச்சு இக்காலத்திலே நம் பெண்களிடையே பெரிதும் செவிப்படுகின்றது. திருமண வீட்டிலும், பஸ் தரிப்பிடத்திலும், ஆசிரியர் ஓய்வறையிலும் அதனைக் கேட்கலாம். அதனை அடுத்துவரும் வாக்கியம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். "ஆகையால் நான் என்ன செய்தாலும் மெலியமாட்டேன்" என்பது ஒன்று. "குளிசை தொடங்கிவிட்டேன், இனித் தானாகவே மெலிந்துவிடுவேன்" என்பது மற்றையது. இவ்விரண்டிலும் உண்மை கொஞ்சம் உண்டு. முழு உண்மை இரண்டிலும் இல்லை. நான் வைத்தியம் கற்றவள் அல்லேன். தமிழும் சரித்திரமும் கற்றவள். ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேலாக இக்குளிசையை உட்கொண்டு வருபவள் என்ற முறையில், இதுபற்றி வாசிக்கவும் வைத்தியர்களிடம் வினவவும் எனக்கு நேர்ந்தது.

தைரொயிட்டுச் சுரப்பி, கழுத்தின் முன்புறத்திலே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று அமைந்திருக்கும் சிறியதோர் உறுப்பு. உணவிலிருந்து பெறும் அயடீனைக் கொண்டு அது தைரொட்சின் முதலிய ஓமோன்களை ஆக்கி இரத்தத்திற் கலக்கின்றது. உடலிலுள்ள கலங்கள் எவ்வளவு விரைவாகச் சக்தியைச் செலவிடவேண்டும் என்பதை நெறிப்படுத்துவன இவையே. இவை குறையுமாயின், தணல் தாழ்ந்த அடுப்பைப் போல உடல் முழுவதும் மந்தமடையும். குளிர் தாங்காது, மலம் கட்டும், தோல் உலரும், தலைமயிர் உதிரும், நாடி மெதுவாக ஓடும், காலையில் எழும்போதே களைப்பு மேலிடும். நிறையும் கூடும். ஆண்களிலும் பார்க்கப் பெண்களையே இந்நோய் பன்மடங்கு அதிகமாகப் பற்றுகின்றது.

சரித்திரம் கற்றவளாகையால் இதன் வரலாற்றைச் சொல்லாது அப்பாற் செல்ல மனம் இடந்தரவில்லை. 1873 ஆம் ஆண்டிலே இலண்டனில் வில்லியம் கல் என்னும் வைத்தியர், வளர்ந்த பெண்கள் சிலர் முகம் வீங்கி, நாக்குத் தடித்து, எண்ணமும் செயலும் மந்தமாகி வருதலை எடுத்துரைத்தார். அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. 1891 இல் நியூகாசில் நகரத்து வைத்தியராகிய ஜோர்ஜ் மரே, செம்மறியாட்டின் தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண் தேறி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 இல் அமெரிக்காவிலே எட்வேட் கெண்டல் தைரொட்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927 இல் பிரித்தானியாவிலே சாள்ஸ் ஹரிங்டனும் ஜோர்ஜ் பாகரும் அதனை ஆய்வுகூடத்திலே ஆக்கிக் காட்டினர். நாம் இன்று விழுங்கும் சிறு குளிசை அவ்வழி வந்தது. ஆட்டின் சுரப்பிக்காக இறைச்சிக் கடையை நாடிய அக்காலத்து நோயாளரை நினைக்குமிடத்து, நமது பாடு பெரும்பாடு அன்று.

நம் நாட்டிலே தைரொயிட் என்றவுடன் கண்டக்கழலையும் உப்பும் நினைவுக்கு வருதல் இயல்பு. இலங்கையின் தென்மேற்குப் பகுதியிலே அயடீன் குறைவினாலாகிய கழலை முன்னர் மிகுந்திருந்தது. உப்பிலே அயடீன் சேர்த்தல் 1995 ஆம் ஆண்டிலே கட்டாயமாக்கப்பட்டது. அயடீன் போதிய அளவு கிடைக்கும் நாடுகளிலே சுரப்பி சோர்வதற்கு முதற் காரணம் வேறு. உடலின் காவற்படை தன் சொந்தச் சுரப்பியையே பகையென மயங்கித் தாக்குதலே அது. ஜப்பானிய வைத்தியராகிய ஹக்காரு ஹஷிமோட்டோ 1912 இல் விவரித்தமையால் அவர் பெயராலேயே அந்நோய் வழங்குகின்றது. ஆகவே, கறிக்கு உப்பைக் கூட்டிப் போடுவதனாலோ, கடற்பாசியிலிருந்து செய்த அயடீன் மருந்துகளை வாங்கி உண்பதனாலோ இது தீராது. உப்பு மிகின் இரத்த அழுத்தம் ஏறும். அயடீன் மிகின் சோர்ந்த சுரப்பி மேலும் சோர்தலும் உண்டு.

இனி நிறையைப் பற்றிப் பேசுவோம். சுரப்பியின் குறைவால் மாத்திரம் ஏறும் நிறை பொதுவாக 5 முதல் 10 இறாத்தல் வரை, அதாவது ஏறக்குறைய 2 முதல் 5 கிலோ வரை என்பர் வைத்தியர். நோய் கடுமையாயிருப்பின் அதற்கு மேலும் ஏறலாம். அதிலும் பெரும்பகுதி உடலிலே தேங்கிய உப்பும் நீருமே. கொழுப்பின் பங்கு சிறிது. குளிசை தொடங்கியதும் முதலிற் குறைவது அந்நீர்தான். எனக்கு முதல் மூன்று மாதத்திலே 3 கிலோ குறைந்தது. முகத்தின் வீக்கம் வடிந்தது. மோதிரம் விரலிற் சுழன்றது. பின்னர் தராசின் முள் அசையவேயில்லை. எஞ்சியிருந்த 9 கிலோவும் சுரப்பியின் கணக்கிலே எழுதத்தக்கன அல்ல என்று வைத்தியர் பரிவோடு கூறினார். அது கேட்டு முதலிலே மனம் நொந்தேன். ஆயினும் ஆறியிருந்து யோசித்தபோது, அது நல்ல செய்தியாகவே தோன்றியது. சுரப்பியை நம்மால் ஏவமுடியாது. உணவுத் தட்டை ஏவமுடியும் அல்லவா?

ஆனால் அதற்கு முன் குளிசை சரியாக வேலை செய்கின்றதா என்று உறுதிசெய்தல் வேண்டும். வீடுகளிலே பெரிதும் பிழைத்துப் போவது இவ்விடமே. லெவோதைரொட்சின் என்னும் இம்மருந்து வெறும் வயிற்றிலே, வெறும் நீருடன் விழுங்கவேண்டியது. அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஒன்றும் உண்ணலாகாது. தேநீரும் கோப்பியும் பருகலாகாது. நம் பெண்களோ அடுப்பு மூட்டியதும் பால் தேநீர் ஒரு வாய் குடித்துவிட்டே மறுவேலை பார்ப்பர். அத்தேநீரோடு குளிசையையும் சேர்த்து விழுங்குவோர் பலர். பாலும், சோயா உணவும், கல்சியக் குளிசையும், இரும்புச்சத்துக் குளிசையும் இம்மருந்தைக் குடலிலே உறிஞ்சவிடாது தடுக்கும். கல்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விடியற்காலைத் தேநீரை விடவே முடியாது என்போர், இரவு உணவு உண்டு மூன்று மணி நேரம் கழித்து உறங்குமுன் குளிசையை எடுக்கலாமா என்று தம் வைத்தியரிடம் கேட்கலாம். பலருக்கு அது பொருந்தும்.

மருந்து இரத்தத்திலே நிலைபெற வாரங்கள் செல்லும். ஆகையாலேதான் அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே ரீ.எஸ்.எச். என்னும் இரத்தச் சோதனை செய்யப்படுகின்றது. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி, தைரொயிட்டை "வேலை செய்" என்று ஏவும் ஓமோன் அது. தைரொயிட் சோரச் சோர அவ்வேவல் உரக்கும், எண் ஏறும். எண் சற்றே ஏறியிருந்து தைரொட்சின் அளவு சரியாயிருப்பின், குளிசை எடுத்தும் நிறை குறையாதிருக்கலாம். உடற்பருமனே அவ்வெண்ணைச் சிறிது ஏற்றுவதும் உண்டு.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஒரு குளிசை மெலிவித்தால் இரண்டு குளிசை விரைவில் மெலிவிக்கும் என்று எண்ணி, வைத்தியர் சொல்லாமலே அளவைக் கூட்டுவோர் இருக்கின்றனர். நோயே இல்லாதவர் மெலிவதற்காக அயலவரின் குளிசையைக் கேட்டு வாங்குவதும் நடக்கின்றது. மிகையான தைரொட்சின் தசையையும் எலும்பையும் கரைக்கும்; இதயத் துடிப்பை ஒழுங்கு குலைக்கும். ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு எலும்புத் தேய்வும் ஒழுங்கற்ற துடிப்பும் சிறு விடயங்கள் அல்ல. இடுப்பளவு குறைவதற்காக இதயத்தைப் பணயம் வைத்தல் பேதைமை.

மருந்து சரியானபின், நிறை குறைக்கும் வழி மற்றையோருக்கு உள்ள வழியே. அது மெதுவான வழி. நான் முதலிலே கை வைத்தது சீனியில். நாளுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டிச் சீனி. ஏறக்குறைய 200 கலோரி. அதனை நடந்து செலவிட ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட வேண்டும். வெறுந்தேநீருக்கு நாக்கைப் பழக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அடுத்தது சோறு. சோற்றை விடவேண்டியதில்லை. தட்டிலே பாதியைக் கீரையும் பயற்றங்காயும் புடலங்காயும் நிரப்ப, காற்பங்கைப் பருப்போ கடலையோ மீனோ கொள்ள, எஞ்சிய காற்பங்கே சோற்றுக்கு உரியது. நமது வீடுகளிலே இம்முறை தலைகீழாக இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். தேங்காய்ப்பாற் சொதியும், சம்பலும், இடைவேளை வடையும் ரோல்சும் கணக்கிற் சேராமலே உள்ளே போய்விடும்.

கோவாவும் மரவள்ளிக்கிழங்கும் தைரொயிட்டுக்கு ஆகா என்று பலர் அஞ்சுகின்றனர். நன்றாகச் சமைத்து அளவோடு உண்ணும் கோவாவினால் தீங்கில்லை. மரவள்ளியைத் தோல் நீக்கி நன்கு அவித்தே உண்ணவேண்டும். மெலிய விரும்புவோர் அதனைக் குறைப்பது அதிலுள்ள மாச்சத்தின் பொருட்டு.

நடையைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் இரு நாள் தசைக்கு வேலை கொடுப்பதும் அவசியம். கதிரையிலிருந்து கை ஊன்றாமற் பத்துத் தடவை எழுந்தமர்தலும் அதிற் சேரும். நோய் கடுமையாயிருக்கும் காலத்திலே களைப்பையும் மீறி ஓடவேண்டாம். மருந்து பிடித்தபின் கால்கள் தாமே ஒத்துழைக்கும். அந்த 9 கிலோவில் 6 கிலோ குறைய எனக்குப் பதினொரு மாதம் சென்றது. எஞ்சிய 3 கிலோ இன்னும் என்னுடனேயே இருக்கின்றது. அதனோடு எனக்குப் பகை இல்லை. உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சீனியும் சீர்படத் தொடங்கும் என்பர்.

பருத்த பெண்ணைச் சோம்பேறி என்றும், வாயைக் கட்டத் தெரியாதவள் என்றும் சொல்லுதல் நம் சமூகத்திலே மிக எளிது. களைப்பும் மறதியும் நோயின் குறிகளாயிருக்கலாம் என்பதை வீட்டிலுள்ள ஆண்கள், சிறப்பாக மாமியார்மார், அறிந்திருத்தல் நன்று. அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசம். ஒரு நாள் அவளுக்கு வீட்டுவேலையிலிருந்து விடுதலை கொடுத்து அங்கே அனுப்பினால் போதும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். உண்டு பருத்த பிள்ளை பெரும்பாலும் உயரத்திலும் குறைவதில்லை. நிறை ஏறிக்கொண்டிருக்க உயரம் நின்றுவிடுமாயின், முன்னர் நன்கு படித்த பிள்ளை வகுப்பிலே தூங்கி வழியுமாயின், அப்பிள்ளையைப் பட்டினி போடாமலும் ஏசாமலும் வைத்தியரிடம் கொண்டுசென்று தைரொயிட்டைச் சோதிப்பிக்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையிலே உயரமும் நிறையும் குறித்த பழைய பதிவுகள் இருப்பின், அவற்றையும் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கி உடன்கொண்டு செல்லுங்கள்.