பெயர்ப் பலகையும் படுக்கைகளும்

(பொது சுகாதாரப் பாதுகாப்பு குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் செவிலியர்கள் மருத்துவமனைக் கட்டில்களைத் தள்ளிவந்து நடனமாடினர். பிரிட்டன் தன் அடையாளமாக உலகுக்குக் காட்டியவற்றுள் தேசிய சுகாதார சேவையும் ஒன்று. அதன் தொடக்கம் இவ்வளவு இணக்கமானதன்று. 1946இல் கன்சர்வேட்டிவ் கட்சி அம்மசோதாவை எதிர்த்து வாக்களித்தது. மருத்துவர் சங்கம் போர்க்கொடி தூக்கியது. அதை நிறைவேற்றிய அமைச்சர் அன்யூரின் பெவன், பதின்ம வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவரது ஊரான டிரெடகாரில் தொழிலாளர்கள் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைச் செலுத்தி நடத்திய மருத்துவ உதவிச் சங்கமே அவருக்கு முன்மாதிரி. 1948 ஜூலை 5 அன்று சேவை தொடங்கியது. சுரங்கத் தொழிலாளியும் வங்கி அதிகாரியும் ஒரே வார்டில் படுத்ததால் வளர்ந்த பெருமிதம் அது. இன்று அங்கே பெரிய கட்சி எதுவும் அதை ஒழிப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லத் துணிவதில்லை. துண்டு துண்டாகத் தனியாருக்குக் கொடுப்பது வேறு கதை.

அதே ஆண்டுகளில் இந்தியாவிலும் இப்படியொரு வாய்ப்பு வாசல்வரை வந்தது. 1943இல் அமைக்கப்பட்ட ஜோசப் போர் குழு 1946இல் அறிக்கை தந்தது. அதன் தலைவர் பொதுவுடைமையர் அல்லர், ஐ.சி.எஸ். அதிகாரி. ஆயினும், பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பதே அக்குழுவின் அடிப்படைக் கொள்கை. 10,000 முதல் 20,000 மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை என்பது அதன் நீண்டகாலத் திட்டம். இன்று நடைமுறையில் உள்ள அளவுகோலோ சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதில் ஆறு படுக்கைகள். அந்த ஆறும் எத்தனை ஊர்களில் உண்மையில் இயங்குகின்றன என்பது அவ்வூர் மக்களுக்குத் தெரியும்.

சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22இல் அது 1.84 சதவீதமே. அவ்வாண்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் என்கிறது. மாதந்தோறும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கும் விவசாயத் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? வெளிநோயாளிச் செலவு அதில் இல்லை. காப்பீட்டுப் பணத்தில் பெரும்பங்கைப் பெறுவனவும் தனியார் மருத்துவமனைகளே.

பணம் ஒதுக்க மனமில்லாத ஒன்றிய அரசு பெயரைத் தாராளமாக வழங்குகிறது. 2023 நவம்பரில், நலவாழ்வு மையங்கள் அனைத்தையும் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என மாற்றுமாறு மாநிலங்களுக்குக் கடிதம் வந்தது. தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் வரும் இடத்துக்கு ‘மந்திர்’ என்று ஏன் பெயர்? கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் மிசோரமும் நாகாலாந்தும் இந்தியாவில்தான் இருக்கின்றன. கேரளம் முதலில் ஏற்க மறுத்தது. தேசிய சுகாதார இயக்க நிதி நிறுத்திவைக்கப்பட்ட நெருக்கடியில், பழைய பெயர்களை விட்டுவிடாமல் புதிய பெயரையும் சேர்த்து எழுத 2024இல் இசைந்தது. நோயாளிக்குச் சேர வேண்டிய பணம் பலகைக்குப் பிணையாக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

அந்தப் பலகையின்கீழ் உழைப்பவர் யார்? 2005இல் தொடங்கிய ஊரக சுகாதார இயக்கம் உருவாக்கிய ஆஷா ஊழியர்கள் 10 லட்சம் பேருக்கு மேல். பெருந்தொற்றின்போது வீடு வீடாகச் சென்றவர்கள் அவர்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கியபோது அது தேசத்தின் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் அரசின் ஏடுகளில் அவர்கள் ‘தன்னார்வலர்கள்’, பெறுவது ஊக்கத்தொகை. அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஏற்ற பரிந்துரை அது. அதை நிறைவேற்றுமாறு வந்த கடிதம் எதுவும் இதுவரை இல்லை.