நடந்து வந்த காடு

(ஹட்டனில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



செகப்பிரியரின் ‘மாக்பெத்’ நாடகத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். கொழுந்து பறிக்கும் மக்களுக்கும் ஸ்கொட்லாந்து மன்னன் ஒருவனுக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. பூண்டுலோயாவில் டன்சினேன் என்றொரு தோட்டம் இருக்கிறதே, அறிவீர்கள். நாடகத்திலே மாக்பெத் தன் இறுதிப் போருக்கு அரணாகக் கொண்ட குன்றின் பெயரும் அதுவே! ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் தம் நாட்டுப் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டினர். பெயரைக் கொணர்ந்தவர்கள் கதையை நமக்குச் சொல்லவில்லை. அதை நாமே சொல்லிக்கொள்வோம்.

1606ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற நாடகம் அது. போரிலே வென்று திரும்புகிறான் தளபதி மாக்பெத். வழியிலே சூனியக்காரிகள் மூவர், “நீ அரசனாவாய்” என்று குறி சொல்கிறார்கள். உடன் வந்த பாங்கோவிடம், “நீ அரசனாகமாட்டாய், உன் வழித்தோன்றல்கள் அரசாளுவர்” என்கிறார்கள்.

கேட்டவர் இருவர். பாங்கோவும் கேட்டான், கத்தியை எடுக்கவில்லை. மாக்பெத்தும் கேட்டான், எடுத்தான். “டங்கன் மன்னனைக் கொல்” என்று குறிகாரிகள் கூறினார்களா? இல்லை! முடி கிடைக்கும் என்றார்கள், வழியைக் கூறவில்லை. வழி அவன் நெஞ்சிலே முன்பே கிடந்தது. குறி விதையன்று, தோழர்களே! அது மழை. மண்ணுக்குள் எது புதைந்து கிடந்ததோ அதுவே முளைத்தது.

அவன் வீழ்ச்சியைப் படிப்படியாகக் காட்டுகிறார் செகப்பிரியர். முதற்கொலைக்கு முன் அவன் தயங்குகிறான். டங்கன் தன் அரசன், உறவினன், தன் வீட்டுக்கு வந்த விருந்தினன் என்றெல்லாம் எண்ணி நடுங்குகிறான். மனைவி தூண்டவேண்டியிருக்கிறது. இரண்டாவதாகப் பாங்கோவைக் கொல்ல ஆட்களை ஏவுகிறான், மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவதாக, தப்பியோடிய மாக்டப்பின் மனைவியையும் மக்களையும் கொல்விக்கிறான். அதனால் அவனுக்கு எள்ளளவும் இலாபம் இல்லை! முதற்கொலைக்கு மணிமுடி காரணமாயிற்று. மூன்றாவதற்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை. முடிவிலே மனைவி இறந்த செய்தி வருகிறது. அதற்கும் அழக் கண்ணீர் அவனிடம் இல்லை. முடியைப் பெற்றவன் மனிதத்தை இழந்தான்.

குறியின் இன்னொரு தந்திரத்தையும் காணுங்கள். “பிர்ணம் காடு டன்சினேன் குன்றை நோக்கி வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை” என்கிறார்கள். காடு எங்கேனும் நடக்குமா என்று களிக்கிறான் மாக்பெத். சொல் பொய்யில்லை, ஆனால் முழு மெய்யும் இல்லை.

இத்தகைய பாதி மெய்யை நாமும் அறிவோம். “தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும்” என்று ஆசைகாட்டி நம் முன்னோரைக் கடல் கடத்திக் கொணர்ந்தார்கள் என்று நம் வீடுகளிலே இன்றும் சொல்லக் கேட்கிறோம். தூரைத் தோண்டியவர் கண்டது கல்லும் அட்டையும்! ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. மாக்பெத் கேட்டது பேராசையால். நம் முன்னோர் கேட்டது பசியால். பசித்தவன் நம்பியது குற்றமன்று. நம்பச்செய்தவன் செயலே குற்றம்.

அரண்மனைகளிலும் குறி கேட்பது ஓயவில்லை. 2010இல் 18ஆவது திருத்தத்தின் வழியே, இருமுறைக்குமேல் சனாதிபதியாகக் கூடாது என்ற வரம்பு நீக்கப்பட்டது. பதவிக்காலம் முடிய ஏறத்தாழ ஈராண்டு இருக்கும்போதே, மூன்றாம் முறை வெல்லும் நோக்குடன் தேர்தலுக்கு அழைப்பு விடுத்தார் மகிந்த ராசபக்ச அவர்கள். 2015 சனவரி 8 என்னும் நாள் சோதிடர் ஆலோசனைப்படி குறிக்கப்பட்டது என்பதை நாடறியும். வெற்றி என்றது சோதிடம். தோல்வி என்றது வாக்குப்பெட்டி! அவரை மாக்பெத் என்று நாம் கூறவரவில்லை. நாள் பார்த்தவர்கள் மக்கள் முகத்தைப் பார்க்க மறந்தார்கள் என்பதையே கூறுகிறோம்.

அன்று நுவரெலியா மாவட்டம் எப்படி வாக்களித்தது? தொழிற்சங்கத் தலைமைகள் இருபக்கமாகப் பிரிந்து நின்றபோதும், மக்கள் பெருவாரியாக மாற்றத்துக்கே வாக்களித்தார்கள். யார் இந்த மக்கள்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களின் வழிவந்தவர்கள்! 1952 பொதுத் தேர்தலிலே வாக்கின்றி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்! 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மூட்டைக் கணக்காய்ப் பங்கிட்டார்களே, அந்த மக்களின் மிச்சம்! வேரூன்றிய மரங்கள், நடக்கமாட்டா என்று எண்ணப்பட்ட காடு, வாக்குச்சாவடியை நோக்கி நடந்தது.

நாடகத்திலும் காடு தானாக நடக்கவில்லை. போர்வீரர்கள் ஆளுக்கொரு கிளையை வெட்டி, முன்னே பிடித்து நடந்தார்கள். கோட்டை விழுந்தது. டங்கனின் மகன் மால்கம் அரசுரிமை பெற்றான். உடனே என்ன செய்தான்? பிரபுக்களுக்குப் புதுப் பட்டங்கள் வழங்கினான். கிளை சுமந்த வீரனுக்கு? முடிவுரையிலே அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை!

இதுவே நம் மக்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம். கிளை சுமந்தோம், அரசுகள் மாறின, நமக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமே இல்லை என்று கூறோம். 2018இல் அதே டன்சினேன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டிய நானூறுக்கு மேற்பட்ட வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆனால் லயத்து அறையிலே பிறந்து லயத்து அறையிலே மடிவோர் இன்னும் எத்தனை பேர்! ஆண்டுக்கணக்கில் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல் அல்லவா சட்டமாயிற்று! அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி என்னாயிற்று என்பதை அடுப்படித் தாய்மார் அறிவார்கள்.

ஆகவே தோழர்களே, தேர்தல் வரும்; மேடைகள் எழும்; குறிகாரர்கள் வருவார்கள். “நீ தலைவனாவாய்” என்று நம் இளைஞர் காதிலே ஓதுவார்கள். அப்போது பாங்கோவை நினையுங்கள். “உங்களுக்குப் பொற்காலம்” என்று நம் அனைவருக்கும் ஓதுவார்கள். அப்போது தேயிலைத் தூரை நினையுங்கள். எந்த நிலம், எத்தனை பேர்ச், எந்த நாளில் உறுதிப்பத்திரம் என்று எழுத்திலே கேளுங்கள்.

கிளை ஏந்திய கை வெறுங்கையாய்த் திரும்பலாகாது!