இருமுறை வீழ்ந்த மந்திரி



ஐரோப்பாவின் தேசப்படத்தில் டான்யூப் நதியும் சாவா நதியும் கூடும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு மேடு, மேட்டின்மீது கோட்டை, அதையடுத்துப் பெல்கிரேடு நகரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரின் நிலை விசித்திரமானது. நாட்டை ஆண்டவர் செர்பிய இளவரசர். கோட்டைக்குள் இருந்ததோ துருக்கிப் படை. செர்பியா அப்போது சுல்தானுக்குத் திறை செலுத்திய சிற்றரசு. அக்கோட்டையின் சாவிகள் போரின்றிச் செர்பியர் கைக்கு வரக் காரணமாயிருந்தவர்களுள் தலையாயவர் இலியா கரஷானின் என்னும் மந்திரி. சாவிகள் வந்த அதே ஆண்டில் அவர் பதவியை இழந்தார்.

கரஷானின் 1812-இல் கராஷி என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1842-இல் இளவரசர் மிகைலோ ஒப்ரெனோவிச்சை எதிர்த்துக் கலகம் மூண்டது. அக்கலகத்தில் கரஷானினுடைய தந்தையும் உடன்பிறந்தானும் மாண்டனர். மிகைலோ நாட்டைவிட்டு வெளியேற, அலெக்சாந்தர் கரஜார்ஜெவிச் அரசேறினார். மறு ஆண்டில் உள்நாட்டு மந்திரியான கரஷானின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, போலீஸையும் நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்தினார்.

1844-இல் அவர் ஓர் இரகசியத் திட்டம் வரைந்தார். 'நாச்செர்த்தானியெ' என்பது அதன் பெயர். வரைவு என்று பொருள். துருக்கிப் பேரரசு ஒருநாள் சிதறும், அன்று அதன் இடத்தைப் பெரிய வல்லரசுகள் பங்கிட்டுக்கொள்ளாமல் செர்பியா முந்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். போலந்துத் தலைவர் சார்டோரிஸ்கியின் பிரதிநிதியாகப் பெல்கிரேடில் இருந்த செக் நாட்டவர் பிரான்டிசெக் ஜாக் எழுதித் தந்த குறிப்பே இதற்கு மூலம். ஜாக் தென் ஸ்லாவியர் அனைவரையும் மனத்திற்கொண்டு எழுதியதைக் கரஷானின் பல இடங்களில் செர்பியருக்கென்றே சுருக்கிக்கொண்டார். இத்திட்டம் 1906-இல்தான் அச்சேறியது. அதன் பேரில் வரலாற்றாசிரியர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு கொள்கையே மாறும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1852-இல் அவர் பிரதம மந்திரியானார். ரஷ்யா செர்பியாவின் காவலனாக நடந்துகொள்வதை அவர் விரும்பவில்லை. 1853-இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்த ரஷ்யத் தூதர் மென்ஷிகோவ், கரஷானினை விலக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். அலெக்சாந்தர் பணிந்தார். இது முதல் வீழ்ச்சி.

1858-இல் அலெக்சாந்தரும் அரியணை இழந்தார். 1860-இல் மிகைலோ மீண்டும் இளவரசரானார். தம் குடும்பம் எவரை எதிர்த்து நின்றதோ அவருக்கே கரஷானின் 1861-இல் பிரதம மந்திரியாகவும் வெளிநாட்டு மந்திரியாகவும் ஆனார். மிகைலோ பழம் பகையைப் பாராட்டவில்லை, கரஷானினும் பாராட்டவில்லை. இருவருக்கும் இது பெருமையே.

1862 ஜூன் மாதம் பெல்கிரேடில் சுக்கூர் நீரூற்றருகே ஒரு துருக்கி வீரன் செர்பியச் சிறுவன் ஒருவனைத் தாக்கினான். கலவரம் மூண்டது. இரண்டு நாள் கழித்துக் கோட்டைப் பீரங்கிகள் நகரத்தின்மீது குண்டு பொழிந்தன. கரஷானின் இதைப் போருக்கு வாய்ப்பாகக் கொள்ளவில்லை. வல்லரசுகளிடம் முறையிடுவதற்கு வாய்ப்பாகக் கொண்டார். அவ்வாண்டே கோட்டைகளுள் இரண்டு நீங்கின. எஞ்சியவற்றுக்கு அவர் காத்திருந்தார். 1866-இல் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா தோற்றது; கிரீட் தீவில் சுல்தானுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. தக்க காலம் அதுவெனக் கண்டு செர்பியா கோரிக்கையை எழுப்பியது. 1867 ஏப்ரலில் சாவிகள் மிகைலோவிடம் ஒப்படைக்கப்பட்டன. மாண்டினீக்ரோவுடனும் கிரீசுடனும் உடன்படிக்கைகளும் ஏற்பட்டன.

இந்நிலையில் அரண்மனைக்குள்ளிருந்து இடையூறு வந்தது. மிகைலோவுக்கும் மனைவி யூலியாவுக்கும் மகப்பேறில்லை. அவர் தம் சிற்றப்பன் மகளான அங்காவின் மகள் கதரீனாவை மணக்க விழைந்தார். நம் வழக்கில் தமக்கை மகள் முறைப்பெண் என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். கிழக்குத் திருச்சபையின் விதியோ அத்தகைய உறவில் மணத்தை விலக்கியது. கரஷானின் இம்மணத்தை எதிர்த்தார். ஆஸ்திரியா-ஹங்கேரியின் பக்கம் மிகைலோ சாயத் தொடங்கியிருந்ததும் சேர்ந்துகொண்டது. 1867 நவம்பரில் மந்திரி விலக்கப்பட்டார். முன்பு அவரை விலக்கச் சொன்ன ரஷ்யா, இப்போது விலக்கியதற்காக வருந்தியது!

அவருக்காக வாதாட எவரும் இல்லை. 1861-இன் சட்டப்படி மூன்றாண்டுக்கொருமுறை கூடும் மக்கள் சபைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே இருந்தது. மந்திரி இளவரசர் ஒருவருக்கே கடமைப்பட்டவர். அந்த ஏற்பாடு கரஷானினுக்கு உவப்பானதே. சபைக்கு அதிகாரம் கேட்ட இளைஞர்களை அவர் ஐயத்தோடே நோக்கியவர்.

1868 ஜூன் 10-ஆம் நாள் பெல்கிரேடை அடுத்த கோஷுத்னியாக் வனத்தில் உலாவச் சென்ற மிகைலோ சுட்டுக் கொல்லப்பட்டார். அங்காவும் மாண்டாள்; கதரீனா காயமுற்றாள். இளவரசரின் மெய்க்காவல் அதிகாரியாக உடன்சென்று காயமுற்றவர் கரஷானினின் மகன் ஸ்வெதோசார். அருகே இருந்த கரஷானின் செய்தியறிந்ததும் தலைநகருக்கு விரைந்து மந்திரிகளை எச்சரித்தார். கொலையாளிகளின் கூட்டாளிகள் எழுமுன் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பதின்மூன்று வயது மிலானுக்காக ஆட்சி நடத்த மூவர் நியமிக்கப்பட்டனர். கரஷானின் அம்மூவருள் இல்லை. அவர் 1874-இல் காலமானார். பத்தாண்டு கழித்து அவருடைய மற்றொரு மகன் மிலுத்தின் செர்பியாவின் பிரதம மந்திரியானார்.