பாட்டனாரின் பேரேடும் ஒரு கிதாபின் கடைசிப் பக்கமும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)





முன்னோரின் உறவுமுறைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பாடம் நடத்துகிற தகுதி எங்களுக்கு இல்லை. நாங்கள் பிரிஞ்சாங்கில் சாமான் கடை நடத்துகிறவர்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அது எங்கள் மாமியின் பிறப்பைப் பற்றியது என்பதால் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் மேடை ஏறினோம். “சொல்லுங்க, நல்லா சத்தமாச் சொல்லுங்க” என்றார்.

எங்கள் பாட்டனார், அதாவது அத்தாவின் அத்தா, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இந்த மலைக்கு வந்தவர். ஊரில் ஒரு மனைவி, அவருக்கு ஒரு மகள். அந்த மனைவி மௌத்தான பிறகு தாப்பாவில் இரண்டாம் நிக்காஹ். அதில் எங்கள் அத்தாவும் சாச்சாவும். ஊரிலுள்ள அந்த மகள்தான் மாமி. பாட்டனார் 1978ல் மௌத்தானார். ஊரில் அவர் பெயரிலிருந்த வீடு பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தது.

2019ல் அந்த வீட்டை விற்கும் பேச்சு வந்தது. மற்ற பங்குகள் போக ஆண்களுக்கு இரண்டிரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று மார்க்கக் கணக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் ஊர் உறவினர் ஒருவர் மாமியின் பள்ளிக்கூடச் சான்றிதழைப் படம் பிடித்து அத்தாவுக்கு அனுப்பினார். பிறந்த தேதி 1943 ஜூன். கீழே ஒரு வரி: “43ல் உங்க அத்தா எங்கே இருந்தார் என்று பாருங்கள்.”

43ல் பாட்டனார் இங்கே இருந்தார். ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8ல் கோத்தா பாருவில் இறங்கினான்; 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதிலிருந்து 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பும்வரை ஊருக்குப் பயணக் கப்பல் கிடையாது. ஊருக்குப் போகாத மனிதருக்கு ஊரில் 1943ல் பிள்ளை எப்படி? அந்த ஒரு வரிக்குள் இவ்வளவும் இருந்தது.

அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமி வாரிசு இல்லை என்றானால் அந்தப் பங்கு வந்து சேருவது எங்களிடம்தான். அது தெரிந்ததால்தான் அத்தாவுக்குக் கூடுதல் கோபம். நாங்கள் மதிக்கும் ஆலிம் ஒருவரிடம் போனோம். முழுதும் கேட்டுவிட்டு, “ஒரு தாளை வைத்துக்கொண்டு மௌத்தான ஒரு பெண்ணின் மேல் பழி போடுவீர்களா? முதலில் தேதியைத் தேடுங்கள்” என்று விரட்டாத குறையாக அனுப்பினார்.

பாலிடெக்னிக்கில் கட்டுமானத் துறை டிப்ளோமா படித்தபோது, வேலை தொடங்குமுன் ஒரு பெரிய தாளில் கால அட்டவணை போடச் சொல்வார்கள். இடமிருந்து வலம் மாதங்கள், மேலிருந்து கீழ் வேலைகள். அஸ்திவாரம் முடியாமல் தூண் ஏறியிருந்தால் அட்டவணையே காட்டிக் கொடுத்துவிடும். அதையே செய்தோம். வேலைகளுக்குப் பதில் ஆட்கள்: பாட்டனார், மூத்த பாட்டி, மாமி, எங்கள் பாட்டி. மாதங்களுக்குப் பதில் 1910 முதல் 1978 வரை வருடங்கள். தாளில் எழுதப்பட்டது சிவப்பில், வாயால் சொல்லப்பட்டது நீலத்தில்.

முதலில் விழுந்தது எங்கள் சொந்தப் பெருமைதான். பாட்டனார் 1929ல், ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் திறந்தபோதே வந்து, காட்டை வெட்டியவர்களோடு நின்றார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தாளில் அதற்கு ஒரு சிவப்புப் புள்ளிகூட வைக்க முடியவில்லை. அவர் கையெழுத்து முதலில் தென்படுவது தானா ராத்தா கடையொன்றின் 1934ஆம் வருடப் பேரேட்டில். அப்போது தாப்பாவிலிருந்து லாரிப் பாதை வந்துவிட்டது. அவர் வந்தது லாரியில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாக இருக்கும். அத்தா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

குடியேற்றப் பதிவுகளில் தேடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1907ல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதியில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பட்டியல் உண்டு. 1938ல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியது. கடைக்கு வந்த நம் ஆட்களோ பெரும்பாலும் சொந்தக் காசில், உறவுக்காரர் கூப்பிட்டு வந்தவர்கள். தொழிலாளர் பட்டியலில் அவர்களைத் தேடினால் வேறு யாரோதான் அகப்படுவார்கள். எங்களுக்கும் அப்படியே ஆனது. ரிங்லெட் பக்கம் அதே பெயரில், அதே தகப்பன் பெயரில் ஒருவர் கிடைத்தார். ‘காதர்’ என்ற பெயரைக் கிராணிமார் கே போட்டும் எழுதினார்கள், சி போட்டும் எழுதினார்கள். அதனால் எழுத்து வித்தியாசத்தை நாங்கள் பொருட்படுத்தவில்லை. சந்தோஷமாகத் தாளில் ஏற்றினோம். ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, 1936ல் ஒரே மாதத்தில் ஒருவர் ரிங்லெட்டில் மரம் வெட்டுகிறார், ஒருவர் தானா ராத்தாவில் புளி நிறுக்கிறார். அழித்துவிட்டோம். அந்த ரிங்லெட்காரரின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருந்தால் பேச்சு முடிந்ததும் எங்களைப் பாருங்கள். உங்கள் பாட்டனாரைப் பற்றி எங்களிடம் இரண்டு தாள் இருக்கிறது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கடையில் பாதிநாள்தான் வேலை. ஊருக்கும் போக முடியாது. பேரேடுகளை முழுதாகப் பிரித்துப் படித்தது அப்போதுதான். தேதி இங்கிலீஷ் மாதத்தில், தொகை பழைய தமிழ் எண்களில். கடைக்காரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரவு செலவு படிக்கத் தெரியும், ஆனால் இந்தப் பேரேட்டில் நாங்கள் தேடியது சரக்கை அல்ல, கையெழுத்தை. 1939 அக்டோபரில் ‘ஊர்ப் பயணம்’ என்று ஒரு பற்று. அடுத்த நாளிலிருந்து வேறு கை எழுதுகிறது. 1940 மார்ச்சில் பாட்டனாரின் சாய்ந்த எழுத்து திரும்பி வருகிறது. முதல் வரியே ‘ஜெரெஜாக் நாள் 5’. கப்பலின் தளத்தில் வருகிறவர்களை நோய்த்தடுப்புக்காகப் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நிறுத்தி வைப்பார்கள். அந்தச் செலவையும் விடாமல் எழுதியிருக்கிறார் மனிதர். ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்த காலம். அதில்தான் வந்தாரா என்று அவர் எழுதவில்லை, நாங்களும் தாளில் ஏற்றவில்லை.

ஆக, அவர் ஊரில் இருந்தது 1939 கடைசியிலும் 1940 தொடக்கத்திலும். அதற்குப் பிறகு 1946 கடைசிவரை கையெழுத்து மாறவே இல்லை. உறவினர் சொன்னது இன்னும் பலமாகிவிட்டது போலத்தான் முதலில் தோன்றியது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்தத் தாளைச் சுருட்டி வைத்துவிடலாமா என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

அப்போதுதான் தாளில் இன்னொரு வரிசை சேர்த்தோம். நடந்த தேதிக்குப் பக்கத்தில், அது எழுதப்பட்ட தேதி. யார் எழுதினார், யார் சொல்லி எழுதினார். பேரேட்டில் இரண்டு தேதியும் ஒன்றே; அன்றைய வியாபாரம் அன்றே எழுதப்பட்டது. மாமியின் சான்றிதழில் பிறப்பு 1943, ஆனால் அதை எழுதியது அவரை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த 1949ல். சேர்த்துவிட்டவர் தாயாரல்ல, தாயார் 1947லேயே மௌத்து. கொண்டுபோய் விட்டது ஒரு தூரத்து மாமு. ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்றால் ஜூன் மாதத்தில் ஆறு வயது முடிகிற மாதிரி ஒரு தேதி. நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு ஜூனில் பிறந்தநாள் என்று எண்ணிப் பாருங்கள்.

உறவினரிடம் இதைச் சொன்னோம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் 1943தானே என்றார். அத்தனையும் அந்தச் சான்றிதழைப் பார்த்து எழுதியவை. ஒரே இன்வாய்ஸை நாலு பிரதி எடுத்துக்கொண்டு வந்து நாலு லோரி சரக்கு இறக்கினேன் என்று சொன்னால் எந்தக் கடைக்காரன் ஒத்துக்கொள்வான்?

சான்றிதழ் பலவீனம் என்று தெரிந்தது. சரியான தேதி தெரியவில்லை. மாமியையே கேட்பதற்கு எங்களுக்கு வாய் வரவில்லை. வதந்தி அவர் காதுக்கு எட்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வாட்ஸ்அப்பில் அவரே ஆரம்பித்தார்: “நான் பத்து வயசுலேர்ந்து கேக்குறேன் தம்பி, இந்தப் பேச்ச.”

அன்று அவர் சொன்ன ஒன்று. அத்தா கப்பலில் வந்து வாசலில் நின்றபோது அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாராம். வெட்கமா என்று கேட்டோம். “வெக்கம் என்ன வெக்கம், முன்பல்லு ரெண்டும் விழுந்து கெடந்துச்சு, அதான்.” பாட்டனார் வந்தது 1946 கடைசி, பேரேட்டில் அன்றிலிருந்து மறுபடி வேறு கை. 1943ல் பிறந்த பிள்ளைக்கு அப்போது மூன்றரை வயது. மூன்றரை வயதில் சாதாரணமாக யாருக்கும் பால்பல் தானாக விழாது. ஆறு வயதில் விழும்.

இது நீல மையில்தான் ஏறும். இருந்தாலும் எங்களுக்கு மூச்சு வந்தது. வீட்டில் பழைய தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். ஒன்றுமில்லை, உம்மாவின் மவ்லிது கிதாபு ஒன்றுதான், அதுவும் பூச்சி அரித்தது என்றார். அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். கடைசி வெற்றுப் பக்கத்தில் நாலு வரி அரபு எழுத்து. எழுபது எண்பது வருடமாக எல்லோரும் அதை துஆ என்று நினைத்து முத்தி மடித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அரபு எழுத்து கூட்டத் தெரியும், ஆனால் கூட்டினால் அரபியாக வரவில்லை. தைப்பிங்கில் ஒரு முதியவரிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இது தமிழல்லவா?” என்றார்.

அரபுத் தமிழ். நம் பாட்டிமார் தமிழை அரபு எழுத்தில் எழுதிய எழுத்து. எழுதியவர் மூத்த பாட்டியின் தகப்பனார். மகளுக்குப் பெண் பிறந்தது, விக்கிரம வருஷம், புரட்டாசிக் கடைசி, ஹிஜ்ரி 1359 ரமலான் பிறை 12, ஞாயிறு பின்னேரம் திங்கள் இரவு.

மூன்று கணக்கையும் தனித்தனியே போட்டுப் பார்த்தோம். விக்கிரம வருஷம் 1940 சித்திரையில் பிறந்தது. 1359 ரமலான் 1940 அக்டோபர் தொடக்கத்தில் வருகிறது. பிறை பார்த்ததில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், ஆனால் கிழமை எழுதியிருப்பதால் அந்தச் சந்தேகமும் போகிறது. மஃரிபோடு நாள் மாறும் நம் வழக்கப்படி, 1940 அக்டோபர் 13, ஞாயிறு பொழுது சாய்ந்த பிறகு. பாட்டனார் திரும்பி வந்து ஜெரெஜாக் செலவு எழுதியது அந்த மார்ச்சில். ஏழு மாதம் கழித்து ஊரில் பிள்ளை பிறந்திருக்கிறது. கைவிரலில் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்குத்தான்.

1940 நவம்பர் முதல் வாரத்தில் பேரேட்டில் ‘சொந்தப் பற்று, சீனி 10 கட்டி’ என்று ஒரு வரி உண்டு. மகள் பிறந்த கடிதம் வந்து சீனி பங்கிட்டிருக்கிறார் என்று அத்தா சொல்கிறார். ஆனால் அந்த வாரம் நோன்புப் பெருநாளும் வருகிறது. அதனால் அந்த வரியைத் தாளில் சேர்க்கவில்லை. அத்தாவுக்கு இன்னும் அதில் வருத்தம்.

மாமிக்குத் தேதியைச் சொன்னோம். வீடு, பங்கு, உறவினர் எதையும் அவர் கேட்கவில்லை. “நோன்புலயா பொறந்தேன்?” என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப உம்மா நோன்பு புடிச்சிருக்க மாட்டா” என்றார். வீடு 2022ல், எல்லைகள் திறந்த பிறகு, மாமியின் பங்கோடு விற்கப்பட்டது. சான்றிதழ் அனுப்பிய உறவினர் விருந்துக்கு வந்திருந்தார், மாமிதான் கூப்பிட்டிருந்தார்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கிதாபுகளின் முதல், கடைசி வெற்றுப் பக்கங்களைப் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள். அரபுத் தமிழ் வாசிக்கும் அந்தத் தைப்பிங் பெரியவர் இன்று வந்திருக்கிறார், பின்வரிசை மேசையில் அமர்ந்திருக்கிறார். பழைய 555 கடன் நோட்டு, பேரேடு எதையும் பழைய தாள்காரனுக்குப் போடுமுன் எங்களுக்குக் காட்டுங்கள். அவசரகாலத்தில், 1948ல், முதன்முதலில் கொடுத்த ஐசி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். வயதை நம்ப வேண்டாம், படத்துக்காக.

எங்கள் தாளில் இன்னும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் பாட்டனாரின் கையெழுத்து பேரேட்டில் இருக்கிறது, ஆனால் சரக்கு இல்லை. வாரக்கணக்கில் மரவள்ளிக்கிழங்கு, உப்பு, மறுபடி மரவள்ளி. 1944ல் எட்டு மாதம் ஒரு வரிகூட இல்லை. வேறு கையும் எழுதவில்லை. அந்த எட்டு மாதம் அவர் எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தானா ராத்தாவில் இருந்தவர்களின் பிள்ளைகள் இங்கே யாராவது இருந்தால், உங்கள் அத்தா, அம்மா சொன்ன பேச்சு எதுவானாலும் சரி, கடைக்கு வாருங்கள். நீல மையில் எழுதிக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.